எங்கள் வீட்டுக்கு எத்தனை எச்.பி.?



நம்ம பக்கத்தில் 'சம்ப்' என்று சொன்னால் எல்லோரும் நினைப்பது ஒன்றைத்தான். குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்க வாசலில் கட்டிய தரைத் தொட்டி. ஆனால் நம் பாடத்தில் வரும் சம்ப் வேறு. வேண்டாத தண்ணீர் தானாக ஓடி வந்து சேர்கிற பள்ளம் அது. அங்கிருந்து பம்ப் வைத்து வெளியேற்ற வேண்டும். ஒரே பெயர், ஒன்று தண்ணீரைச் சேர்க்க, மற்றது தண்ணீரைத் துரத்த! காவிரி டெல்டாவில் குடியிருக்கும் நமக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் முதல் சம்ப். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டாவது சம்ப்.

இந்த இரண்டாவது சம்ப்புக்கு ஒரு பம்ப் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு போன வருஷம் என்னிடம் வந்தது. ஒரு பம்ப் வாங்குவதில் என்ன பெரிய விஷயம், ஆண்டு மலரில் எழுதுகிற அளவுக்கு, என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்தான். சீட்டு எடுத்த பணம் 15,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு அப்பா என்னிடம், "நீ படிச்சவன், நீயே பார்த்து சொல்லுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான்தான். அப்பா இதுவரை என்னிடம் மார்க் கேட்டிருக்கிறார், யோசனை கேட்டதில்லை. அதனால் அந்த 15,000 ரூபாய் எனக்குப் பணமாகத் தெரியவில்லை, பரீட்சைப் பேப்பராகத் தெரிந்தது.

தெரு ஏறியது, வீடு இறங்கியது

எங்கள் வீடு மன்னார்குடியில், பாமணி ஆற்றுக்குப் போகிற பக்கம் உள்ள ஒரு பழைய ஓட்டு வீடு. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. அங்கேதான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அப்படிப் பிரிந்து வரும் பாமணிதான் நம் ஊரைத் தொட்டுக்கொண்டு முத்துப்பேட்டைப் பக்கம் போகிறது. இந்தப் பூமி தட்டையான பூமி. தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் எத்தனை முக்கியமோ, போவதற்கு வடிகால் அத்தனை முக்கியம். சரிவு இல்லாத ஊரில் மழைத்தண்ணீருக்கு அவசரமே கிடையாது. அது நின்று நிதானமாகத்தான் போகும்.

என் அப்பாயி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வரவேண்டுமாம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் எங்கள் வாசலுக்கு வரவேண்டும். வீடு மண்ணில் புதையவில்லை. தெருதான் ஏறிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு போடுவது தமிழ்நாடு முழுக்க நடந்த கதை. ஒவ்வொரு தடவையும் நாலு விரல், அரை அடி. இருபது, முப்பது வருஷத்தில் வீடுகள் எல்லாம் பள்ளத்தில்!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அது காற்றுப் புயல். தென்னை மரமும் கரண்ட் கம்பமும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. 2020 டிசம்பரில் புரெவி வந்தது. அது வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுவிட, டெல்டாவில் நாள் கணக்கில் மழை. அது தண்ணீர்ப் புயல். அந்த முறை எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி டின்னைப் பரண் மேல் ஏற்றினோம். அப்பாயியைக் கட்டிலோடு தூக்கி, கட்டில் காலுக்குக் கீழே நாலு நாலு செங்கல் வைத்தோம். பம்ப் வாங்க வேண்டும் என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கியது. பணம் சேர்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

மூட்டைக் கணக்கு

பம்ப் வாங்கப் போகிறோம் என்றதும் ஆளாளுக்கு ஒரு எச்.பி. சொன்னார்கள். மாமா, "ஒன்றரை எச்.பி. மோனோபிளாக் போடு" என்றார். கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், "தம்பி, ரெண்டு எச்.பி. எடுத்துட்டுப் போங்க, ஒரே இழுப்பு, வீடு காஞ்சிடும்" என்றார். அப்பாவுக்கும் அதே எண்ணம். "பெருசா வாங்கிட்டா ஒரே செலவுதானேடா?"

அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். நான் அவரிடம் பார்முலா சொல்லவில்லை. "அப்பா, பழைய கணக்குல ஒரு மூட்டை அரிசி எத்தனை கிலோ?" என்று கேட்டேன். "எழுபத்தஞ்சு." "அந்த மூட்டையை ஒரே செகண்டில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினா, அதுதான் ஏறக்குறைய ஒரு எச்.பி." அப்பா தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நானே ஒரு எச்.பி.தான்னு சொல்லு" என்று சிரித்தார். கொஞ்ச நேரத்துக்கு அது உண்மைதான். ஆனால் குதிரையோ மோட்டாரோ நாள் முழுக்க அப்படித் தூக்கும். மனிதனால் முடியாது.

அடுத்துச் சொன்னேன். "கோடவுன்ல பத்தாவது அடுக்குக்கு ஒரு மூட்டை ஏத்துறது ஒரு வேலை. தாழ்வா நிக்கிற வண்டியில பத்து மூட்டை தள்ளுறது இன்னொரு வேலை. பலம் ஒண்ணுதான், வேலை வேற. பம்பும் அப்படித்தான். சில பம்ப் கொஞ்சம் தண்ணியை ரொம்ப உயரத்துக்குத் தூக்கும். சில பம்ப் நிறையத் தண்ணியைக் கொஞ்ச உயரத்துக்குத் தள்ளும்."

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "நம்மளது வண்டி வேலை. கோடவுன் வேலை இல்லை."

நண்பர்களே, நம் லேபில் ஒரு மாதம் முழுக்கச் செய்யும் பரிசோதனையின் சாரம் இதுதான்! சென்ட்ரிபியூகல் பம்பின் டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவோம். பிரஷர் கேஜ் ஏறும். கலெக்டிங் டேங்கில் 10 சென்டிமீட்டர் ஏற ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும். உயரம் கூடினால் அளவு குறைகிறது. வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் தண்ணீர் கொட்டும்; கூடவே மோட்டார் இழுக்கும் கரண்டும் ஏறும். முப்பது மீட்டர் உயரத்துக்கென்று செய்த பம்பை மூன்று மீட்டர் வேலைக்குப் போட்டால் அது 'சும்மா' ஓடுவதில்லை. தன் அளவுக்கு மேல் தண்ணீரை இழுத்து, மோட்டார் ஓவர்லோடு ஆகிச் சூடாகும்.

நம் கடைகளில் கிடைக்கும் பம்புகளில் பெரும்பாலானவை கோயம்புத்தூரிலிருந்து வருகின்றன. கொங்கு நாட்டில் கிணறுகள் ஆழமானவை. பாதாளத்திலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் தேவையிலிருந்து வளர்ந்த தொழில் அது. நமக்கோ மழைக்காலத்தில் தண்ணீர் காலடியிலேயே நிற்கிறது! நம்மைப் போன்ற நிலம் கேரளத்துக் குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற வயல்கள். அங்கே 'பெட்டியும் பறையும்' என்று மரத்தால் செய்த ஒரு பம்ப் பல தலைமுறையாக உண்டு. விசிறி போன்ற சக்கரம் உள்ளே சுழலும். உயரம் சில அடிதான். ஆனால் தண்ணீர் ஆறு மாதிரி கொட்டும். தாழ்ந்த பூமிக்கு ஏற்ற பம்ப் அது.

முதலில் மதில்

சரி, எங்கள் வீட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் இறைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் முக்கியமான விஷயம் புரிந்தது.

எங்கள் தெரு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். அதில் ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 1,80,000 லிட்டர். கடைக்காரர் சொன்ன ரெண்டு எச்.பி. பம்ப் நிமிஷத்துக்கு 500 லிட்டர் இறைப்பதாகவே வைத்துக்கொள்வோம். தெருவைக் காலி செய்ய ஆறு மணி நேரம். அதுவும் புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் வராமல் இருந்தால்! தெருவோ அடுத்த தெருவோடு சேர்ந்தது. அது வாய்க்காலோடும், வாய்க்கால் ஆற்றோடும் சேர்ந்தது. வாசல் திறந்து கிடக்க நான் பம்ப் போட்டால், பாமணி ஆற்றை இறைக்க உட்கார்ந்தவன் ஆவேன்.

ஆகவே முதலில் தண்ணீரைத் தடுக்க வேண்டும், பிறகுதான் இறைக்க வேண்டும். ஹாலந்து நாட்டில் ஹார்லெம்மர்மேர் என்ற பெரிய ஏரியை வற்றவைத்து நிலமாக்கியதைப் பற்றிப் படித்தேன். அவர்கள் பம்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை. 1840இல் ஏரியைச் சுற்றிக் கரை போட்டு, தண்ணீர் போவதற்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அதெல்லாம் முடிந்த பிறகே மூன்று நீராவி இறைவை நிலையங்கள் 1849இல் முழுமூச்சாக வேலையைத் தொடங்கின. 1852இல் ஏரி வற்றியது. முதலில் கரை, அடுத்தது தண்ணீருக்கு வழி, கடைசியில்தான் பம்ப்.

'மன்னார்குடி மதில் அழகு' என்று நம் ஊருக்குப் பெயர். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாதா என்ன? எங்கள் மதில் ஒன்றரை அடி உயரம். வாசலிலும் கொல்லைக் கதவிலும் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டிப் பூசினோம். கொத்தனார் வேலை எங்கள் சித்தப்பா. கூலி ஒருவேளைச் சாப்பாடு. அப்பாயி தாண்டி வர இரண்டு பக்கமும் படி வைத்தோம்.

அடுத்து சலதாரை. குளியலறைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டைதான் மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வருகிற வாசல். வாசலை அடைத்துவிட்டு அதை மறந்தவர்கள் வீட்டில் தண்ணீர் பின்பக்கமாக வந்து உட்காரும். அதற்கு மரக்கட்டையில் சாக்குத்துணி சுற்றி ஓர் அடைப்பான் செய்து வைத்தோம்.

இப்போது உள்ளே வரக்கூடியது எங்கள் கூரையிலும் கொல்லையிலும் விழும் மழை மட்டும். கொஞ்சம் ஊற்றும் கசியும். கூரையும் கொல்லையும் சேர்ந்து 1,500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 140 சதுர மீட்டர். வானிலை இலாகா கணக்கில் 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டர் தாண்டினால் அதி கனமழை. நான் 200 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். 140-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 28 கன மீட்டர், 28,000 லிட்டர். இதில் பாதி மூன்றே மணி நேரத்தில் கொட்டுகிறது என்று வைத்தால் நிமிஷத்துக்கு 78 லிட்டர். 80 என்று வைத்துக்கொள்வோம்.

80 லிட்டர்! தெருவை இறைக்க நினைத்தால் 500 லிட்டரும் போதாது. ஒன்றரை அடி மதில் கட்டினால் 80 லிட்டர் போதும். பம்பின் எச்.பி.யைக் குறைத்தது செங்கல்தான்.

எந்தப் பக்கம் தள்ளுவது?

இனிமேல்தான் வீட்டில் உண்மையான விவாதம். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது?

சுலபமான வழி வாசல் பக்கம். மதிலைத் தாண்டிப் பத்தடிக் குழாய் போதும். ஆனால் எங்கள் தெரு கிழக்கே சரிகிறது. எங்களுக்கு அடுத்த வீடு எங்களைவிடத் தாழ்வு. அதில் ஓர் அத்தை தனியாக இருக்கிறார். சொந்த அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா நடவுக்குப் போனால் எனக்குச் சோறு போட்டவர். எங்கள் வாசலில் விழும் ஒவ்வொரு லிட்டரும் நேராக அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"தெருத் தண்ணியிலதானே விடப் போறோம், அதுல நம்ம தண்ணி எது, ஊர்த் தண்ணி எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மாமா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, பணம் மிச்சமாகும். அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்பாயிதான் பேசினார். "வயல்ல மடையைத் திறந்து அடுத்தவன் பயிர்ல தண்ணி விட்டா பஞ்சாயத்து வச்சோம்டா. வீடுன்னா சும்மா விட்டுருவாங்களா?"

நம் டெல்டாவில் இது பழைய வழக்கு. தண்ணீர் இல்லாத காலத்தில் என் பக்கம் வரட்டும் என்பதும், தண்ணீர் அதிகமான காலத்தில் உன் பக்கம் போகட்டும் என்பதும் வாய்க்கால் தொடங்கி மாநிலம் வரை நடக்கிற சண்டைதானே! புத்தகத்தில் பம்ப் படத்துக்கு மேலே 'டெலிவரி' என்று ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்புக்குறியின் முனையில் யார் வீடு இருக்கிறது என்று எந்தப் படத்திலும் போட்டிருக்காது. அதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கொல்லைப் பக்கம் போனால் ஒரு வடிகால் உண்டு. அது தெருவைச் சுற்றாமல் நேரே கீழே போகிறது. ஆனால் 80 அடி தூரம். அத்தை வீட்டுக் கொல்லையைத் தாண்டித்தான் குழாய் போகவேண்டும். கேட்கப் போனோம். "குழாய்தானேடா, பாம்பா? போட்டுக்க" என்றார். அதோடு விடாமல், "என் வாசல்லயும் அந்தச் சின்னச் சுவரைக் கட்டிக் குடு" என்றார். கட்டிக் கொடுத்தோம்.

80 அடி என்றதும் குழாய்க் கணக்கு வந்தது. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். நல்ல பம்பை வாங்கி, வீட்டில் கிடக்கும் ஒரு இஞ்ச் தோட்டக் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். 25 மீட்டர் நீள ஒரு இஞ்ச் குழாயில் நிமிஷத்துக்கு 80 லிட்டர் போனால், உராய்வு மட்டுமே ஏறக்குறைய ஏழரை மீட்டர் உயரத்துக்குச் சமம்! அதே தண்ணீர் இரண்டு இஞ்ச் குழாயில் போனால் கால் மீட்டர் கூட இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு 32-ல் ஒரு பங்காகக் குறைகிறது. பம்பில் அரை எச்.பி. கூட்டுவதைவிடக் குழாயில் ஒரு இஞ்ச் கூட்டுவது மேல்.

இரண்டு இஞ்ச் குழாயோடு மொத்தக் கணக்கைப் பாருங்கள். பள்ளத்திலிருந்து மதில் தாண்ட 2 மீட்டர். உராய்வு, வளைவு எல்லாம் சேர்த்து 3 மீட்டர் என்று தாராளமாக வைத்தேன். நிமிஷத்துக்கு 80 லிட்டரை 3 மீட்டர் தூக்கத் தண்ணீருக்கு வேண்டிய சக்தி 40 வாட். ஒரு பழைய குண்டு பல்பு! சின்ன பம்பின் திறன் 30 சதவீதம்தான் என்று வைத்தாலும் 130 வாட் போதும். அரை எச்.பி. என்பது 373 வாட். ஆகவே எங்கள் வீட்டுக்கு அரை எச்.பி. போதும், அதுவே அதிகம்.

சேற்றுக்கு ஏற்ற பம்ப்

எச்.பி. முடிந்தது, வகை முடியவில்லை. இதில் எனக்கு ஆசிரியராக இருந்தவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஓர் அண்ணன். மழைக்காலம் முடிந்தால் அவர் கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வரிசையாக இருக்கும். "எல்லாம் தண்ணியால செத்தது இல்ல தம்பி. பாதி சேத்தால செத்தது" என்றார்.

மோனோபிளாக் பம்புக்கு ஐ.எஸ். 9079 என்ற தரம் உண்டு. அதன் தலைப்பிலேயே தெளிந்த, குளிர்ந்த தண்ணீருக்கானது என்று இருக்கிறது. ஓப்பன்வெல் சப்மெர்சிபிளும் நல்ல தண்ணீருக்கானதுதான். எங்கள் கொல்லைத் தண்ணீரில் வைக்கோல், வேப்பிலை, களிமண், சில சமயம் நத்தை! மோனோபிளாக்குக்கு இன்னொரு சங்கடம்: தண்ணீர் ஊற்றி நிரப்பித்தான் கிளப்ப வேண்டும். நடுராத்திரி மழையில் யார் ஊற்றுவது? மோட்டாரும் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அதனால் நாங்கள் எடுத்தது சேறும் சிறு திடப்பொருளும் தாண்டிப் போகிற மாதிரி திறந்த இம்பெல்லர் வைத்த, தண்ணீரில் மூழ்கி ஓடும் அரை எச்.பி. டிவாட்டரிங் பம்ப். கடையில் நான் எச்.பி. கேட்கவில்லை. "மூணு மீட்டர் ஹெட்டுல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டேன். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் உச்ச அளவு, உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. உச்ச உயரம் என்பது தண்ணீரே வராதபோது கிடைப்பது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது! உள்ளே இருக்கும் சின்னத் தாளில் உள்ள அட்டவணைதான் உண்மை. எங்கள் பம்புக்கு அதில் 100 லிட்டருக்கு மேல் இருந்தது.

பள்ளத்துக்குச் சிமெண்ட் உறை மூன்று இறக்கினோம். மூன்றடி விட்டம், மூன்றடி ஆழம்; 600 லிட்டர் பிடிக்கும். அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் ஒரு செங்கல் மேடை, மேடை மேல் பம்ப். தண்ணீர் ஏறினால் மிதவை தானே சுவிட்ச் போடும், இறங்கினால் அணைக்கும். போடுவதற்கும் அணைப்பதற்கும் நடுவே 300 லிட்டர் வித்தியாசம் இருக்கும்படி மிதவைக் கயிற்றை அளந்து கட்டினேன். 100 லிட்டர் பம்ப் அதை இறைக்க மூன்று நிமிஷமாவது ஓடும். கடைக்காரர் சொன்ன ரெண்டு எச்.பி. என்றால் 36 விநாடியில் காலி! போடும், அணைக்கும், போடும், அணைக்கும்... ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்படித்தான் காயில் கருகுகிறது.

குழாயில் ஒரு என்.ஆர்.வி. வால்வு போட்டோம். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் 80 அடிக் குழாயில் இருக்கும் தண்ணீர் திரும்பிப் பள்ளத்துக்கே வரும். வடிகால் நிறைந்திருந்தால் வடிகாலே திரும்பி வரும்.

கரண்ட் விஷயத்தில் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "தண்ணி போனா வந்துக்கும்; ஆள் போனா வராது." சுவிட்ச் பெட்டியை ஐந்தடி உயரத்தில் வைத்தோம். எர்த் ஒழுங்காகப் போட்டு, 30 மில்லி ஆம்பியரில் தட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். பம்பைத் தொடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆர்.சி.சி.பி.க்குக் கொடுத்த பணத்தை அப்பா ஒரு தடவையும் 'செலவு' என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் சம்ப்பை மழைக்காலத்தில் காலியாக வைக்காதீர்கள். நிலத்தடி நீர் மேலே வரும்போது காலித் தொட்டி படகு மாதிரி மிதக்கப் பார்க்கும். தரையே விரிசல் விடும். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு வீடு, கப்பல் என்ற வித்தியாசம் கிடையாது.

கரண்ட் இல்லாத ராத்திரி

"எல்லாம் சரி, புயல் அன்னிக்கி கரண்ட் இருக்குமா?" இதைக் கேட்டவர் அம்மா. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் இருட்டில் கிடந்ததை அவர் மறக்கவில்லை.

இன்வெர்ட்டர் கணக்கும் போட்டேன். 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 1,800 வாட் அவர். அதில் பாதியைத்தான் நம்பலாம். 500 வாட் இழுக்கும் பம்ப் இரண்டு மணி நேரம்கூட ஓடாது. எங்கள் பணத்தில் அது முடியவும் முடியாது. பெட்ரோல் இன்ஜின் பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே ஆளைக் கொல்லும்.

கடைசியில் விடை கிடைத்தது பழைய கணக்கிலேயே. 40 வாட்! நிமிஷத்துக்கு 80 லிட்டர் என்பது பத்து லிட்டர் வாளியால் எட்டு வாளி. இரண்டு பேர் நின்றால் ஆளுக்கு நாலு வாளி. மழை உச்சத்தில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம் மாற்றி மாற்றி இறைத்தால் தாங்கலாம். அந்தக் காலத்தில் இரண்டு பேர் எதிரெதிராக நின்று இறைகூடையால் வயலுக்குத் தண்ணீர் இறைத்தவர்கள்தானே நம் தாத்தா, பாட்டிகள்! அப்பாயி, "நான் இறைச்சிருக்கேன்டா, விடிய விடிய" என்றார். மதில் இல்லாவிட்டால் பத்து எச்.பி. இன்ஜினும் தோற்கும். மதில் இருந்தால் கரண்ட் போனாலும் குடும்பம் தோற்காது. பம்ப் என்பது எங்கள் தூக்கத்துக்காக வாங்கியது. வீட்டைக் காப்பது மதில்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தது. பெரிய வெள்ளம் இல்லை. தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். கொல்லையில் மிதவை 'டக்' என்று போடும் சத்தமும், பம்ப் ஓடும் சத்தமும், மறுபடி நிற்கும் சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. அப்பா தூங்கவில்லை. எத்தனை தடவை ஓடியது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் வீட்டுத் தரை காய்ந்திருந்தது. அத்தை வீட்டுத் தரையும் காய்ந்திருந்தது. புரெவி மாதிரி ஒரு மழையை இந்த ஏற்பாடு இன்னும் சந்திக்கவில்லை. சந்திக்கும்போது பார்த்துக்கொள்வோம், இந்த முறை கணக்கோடு காத்திருக்கிறோம்.

மொத்தச் செலவு 15,000-க்குள் அடங்கியது. மீந்த 600 ரூபாயை அப்பா என்னிடமே கொடுத்து, "காலேஜுக்கு ஏதாவது வாங்கிக்க" என்றார். ஒரு சயன்டிபிக் கால்குலேட்டர் வாங்கினேன்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். வேலை கிடைத்த பிறகுதான் படிப்பு வீட்டுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் வீட்டில் ஒரு மோட்டாரோ, ஒரு ஒயரோ, ஒரு குழாயோ வாங்கும் நாளிலேயே நம் டிப்ளமோவுக்கு வேலை வந்துவிட்டது. பெரிதாக வாங்கு என்று பத்துப் பேர் சொல்வார்கள். நாம் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கி நடக்க வேண்டும். எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர், என்ன தண்ணீர், யார் பக்கம் போகும்? இந்த நாலு கேள்விக்கும் விடை எழுதிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். நாலாவது கேள்வி சிலபஸில் இல்லை. ஆனால் அதற்கும் மார்க் உண்டு. போடுகிறவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு